தேதிக்குக் கீழே நாலு வரி

"ஒரே ஒரு போட்டோ. அதுகூடக் குடுக்க முடியலன்னா நாங்க என்னன்னு நெனச்சுக்கறது?"

பெரியப்பா இதைக் கேட்டபோது டீ டம்ளரைக் கீழே வைக்கவில்லை. குடித்துக்கொண்டேதான் கேட்டார். ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பதற்காகக் கையில் இருக்கும் வேலையை நிறுத்துகிற வழக்கம் எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா வீட்டுக் கூடம். சோபாவில் பெரியப்பா. அவர் பக்கத்தில் என் தங்கையின் கணவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை, கைகளை மடியில் கோத்துக்கொண்டு பரீட்சை எழுத வந்தவரைப் போல் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். நான் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். நடுவில் உட்காருவது எனக்குப் பிடிக்கும். இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்கலாம்.

தங்கை வீட்டை விட்டுப் போய் ஒன்பது மாதம் ஆகிவிட்டது. அதற்கு முன் ஆறு வருஷம் அவளுக்கு நடந்ததெல்லாம் விபத்து. அலமாரிக் கதவில் விரல் நசுங்கியது. குளியலறையில் வழுக்கித் தாடை வீங்கியது. படியில் தடுக்கி மணிக்கட்டு உடைந்தது. அந்த வீட்டுக் கதவும் தரையும் படியும் அவளை மட்டுமே குறிவைத்தன, மாப்பிள்ளையை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். நம்பவில்லை, நம்புவதாக வைத்துக்கொண்டோம். நானும்தான். கடைவீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன் நான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நூலக வாசகர் வட்டத்தில் பெண் உரிமை பற்றிப் பேசிக் கைத்தட்டல் வாங்குகிறவன். மணிக்கட்டு உடைந்த வாரத்தில்கூடப் பேசினேன். அன்றைக்குக் கைத்தட்டல் கொஞ்சம் அதிகமாகவே கிடைத்தது.

"எனக்கு அவ மேல கோபமே இல்ல, மச்சான்," என்றார் மாப்பிள்ளை. அவருக்குக் குரல் எப்போதுமே உயராது. "என் தங்கச்சிக்கு நல்ல எடம் ஒண்ணு கூடி வந்திருக்கு. அவங்க வீட்டுல குடும்பப் படம் கேக்கறாங்க. வீட்டு மருமக எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"உண்மையச் சொல்றது," என்றாள் அம்மா.

பெரியப்பா, "நீ கொஞ்சம் சும்மா இரும்மா. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல," என்றார். அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. எங்கள் வீட்டில் பெரியவர் ஆக அதைவிட அதிக வயது தேவைப்படும் போலிருக்கிறது, பெண்ணாக இருந்தால்.

"அவ எங்க இருக்கான்னு நாங்க கேக்கல," பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "யாரோட இருக்கான்னும் கேக்கல. ஒழுங்கா மரியாதையா இருக்காளான்னு ஒரு படத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா போதும். நீதான் போட்டோக்காரனாச்சே. உன்கிட்டதானே அவ பேசறா."

கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்றையும் கேட்டுவிட்டார். அடித்தவரிடம் யாரும் எந்த அத்தாட்சியும் கேட்கவில்லை. அவர் ஒன்பது மாதமாக எங்கே சாப்பிட்டார், யாரோடு சிரித்தார், ஒழுங்காக இருக்கிறாரா என்று பார்க்க ஒரு படம் வேண்டும் என்று எந்தச் சோபாவும் கேட்டதில்லை. இது எனக்கு அப்போதே தோன்றியது. வாயில் வரவில்லை. வாசகர் வட்டமாக இருந்திருந்தால் வந்திருக்கும்.

அதற்குப் பதிலாக என் மேதாவி மூளை ஒரு சமரசத்தைக் கண்டுபிடித்தது.

"நான் போட்டோ வாங்கித் தரேன். உங்க குடும்பப் படத்துல அவளச் சேத்தும் தரேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் அவள யாரும் தேடக் கூடாது."

மாப்பிள்ளை உடனே சரி என்றார். ஆறு வருஷத்தில் அந்த மனிதர் எதற்கும் உடனே சரி என்றதில்லை. நான் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு இன்னொரு டீ கேட்டேன்.

எங்கள் தொழிலில் இது புதிது இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மகனைக் குடும்பப் படத்தில் ஒட்டுவோம். இறந்துபோன அப்பாவை மகள் கல்யாணப் படத்தில் நிற்க வைப்போம். கடையில் இந்த வேலையைச் செய்கிற பெண்ணுக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஒவ்வொரு முடியாகப் பெரிதாக்கிப் பார்த்து வெட்டுவாள். செத்தவர்களையே சேர்க்கிறோம், உயிரோடு இருக்கும் தங்கையைச் சேர்ப்பது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

தங்கையிடம் போனில் சொன்னேன். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்கே தெரியாது. அவள் சொல்லவில்லை. "உனக்குத் தெரிஞ்சா அம்மாவுக்குத் தெரியும், அம்மா கவலைல பெரியப்பாகிட்ட உளறிடும், பெரியப்பா நியாயம் பேசறேன்னு அவர்கிட்டயே சொல்லிடுவார்," என்று வீட்டை விட்டுப் போன அன்றே கணக்காகச் சொல்லிவிட்டாள். எனக்கு அதில் ஒன்பது மாத வருத்தம். கூடப் பிறந்த அண்ணனை நம்பவில்லையே என்று.

"முடியாது," என்றாள்.

"ஒரு படம்தானே. முகமும் தோளும் போதும்."

"அண்ணா, நான் அந்த வீட்டுல இல்லைங்கறதுதான் உண்மை. இருக்கற மாதிரி எதுக்குப் படம்?"

"அம்மாவ நெனச்சுப் பாரு. வாரா வாரம் வந்து உக்காந்து உயிர எடுக்கறாங்க. இது ஒண்ணக் குடுத்துட்டா அதுக்கப்புறம் உன்ன யாரும் தேட மாட்டாங்க. நான் பொறுப்பு."

நான் பொறுப்பு என்ற வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேல் எரிச்சலாக வருகிறது. அம்மாவைச் சொன்னதால்தான் அவள் இறங்கி வந்தாள். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாள் மதியம் படம் வந்தது. வெறும் வெள்ளைச் சுவர். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்திருந்தது. காலண்டர் இல்லை, பெயர்ப் பலகை இல்லை, சட்டையில் அடையாள அட்டை குத்தியிருந்த தடம் தெரிந்தது, அதைக்கூடக் கழற்றிவிட்டு எடுத்திருந்தாள். எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகக் கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தியிருந்தாள். ஒன்பது மாதத்தில் முகம் தெளிந்திருந்தது. சிரிக்கவில்லை. ஆனால் பயமும் இல்லை.

அந்த முகத்தைப் பார்த்து ஒரு அண்ணனுக்கு என்னவெல்லாமோ தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது, படம் மங்கலாக இருக்கிறதே என்பதுதான். சாதாரணமாக அனுப்பினால் போன் படத்தை நசுக்கிச் சின்னதாக்கித்தான் அனுப்பும். பெரிய அளவில் பிரிண்ட் போட்டால் மூக்கும் வாயும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆளை ஒட்டியது என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். என் தொழில் மானம் போய்விடும்.

"இது வேலைக்கு ஆகாது," என்று அவளிடம் சொன்னேன். "படமா அனுப்பாத. டாக்குமென்ட்னு இருக்கும் பாரு, அதுல போட்டு அனுப்பு. அப்பதான் ஒரிஜினல் அப்படியே வரும். ஒண்ணுமே குறையாது."

"சரி," என்றாள். அப்படியே அனுப்பினாள். உண்மையிலேயே ஒன்றும் குறையவில்லை.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா, கல்யாணத்துக்கு நிற்கிற அவர் தங்கை. என் தங்கைக்கு அவர் பக்கத்தில் இடம் விட்டு நிற்க வைத்தேன். படம் இயல்பாக இருக்க வேண்டுமே என்று, "மாப்பிள்ளை, கையக் கொஞ்சம் தூக்கி வெச்சுக்குங்க. பக்கத்துல இருக்கறவங்க தோள்மேல போட்ட மாதிரி," என்றேன். அவர் காற்றில் கையை வைத்தார். "இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், அப்படியே பிடிங்க," என்று திருத்தி வேறு கொடுத்தேன். எந்தக் கை அது என்று என் மண்டையில் உறைக்கவில்லை.

பூதக்கண்ணாடி ஒன்றரை நாள் உட்கார்ந்து வேலை செய்தாள். புதன்கிழமை மதியம் மாப்பிள்ளை பிரிண்ட் வாங்க வந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"பழைய போட்டோவ வெச்சு ஒட்டிட்டீங்களோ, மச்சான்?"

எனக்குச் சுரீர் என்றது. என் தங்கையைச் சந்தேகப்பட்டபோது வராத கோபம் என் வேலையைச் சந்தேகப்பட்டவுடன் வந்துவிட்டது.

"பழசா? இங்க வாங்க," என்று கம்ப்யூட்டர் முன்னால் அவரை உட்கார வைத்தேன். தங்கை அனுப்பிய ஒரிஜினலைத் திறந்தேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அதன் ஜாதகம் மாதிரிக் குறிப்புகள் ஒளிந்திருக்கும். எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கேமரா, எவ்வளவு வெளிச்சம் என்று எல்லாம். படத்தைப் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். அந்தப் பகுதியைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டினேன்.

"பாருங்க. திங்கக்கிழமை, மதியம் ஒண்ணு பத்து. போட்டோ பொய் சொல்லும் மாப்பிள்ளை, உள்ள இருக்கற இது பொய் சொல்லாது."

"ஓ, இதெல்லாம் இருக்குமா," என்றார் அவர், ஆச்சரியமாக.

அந்த ஆச்சரியத்தில் நான் குளிர்ந்துபோனேன். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிற சர்வேயர். வண்டிக்காரர்கள் அனுப்புகிற படம் உண்மையிலேயே விபத்து நடந்த இடத்தில்தான் எடுக்கப்பட்டதா என்று படத்தின் உள்குறிப்பைத் தோண்டிப் பார்ப்பதுதான் அவருக்குத் தினசரி வேலை. இது எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் அவரைப் பற்றி விசாரித்து வந்ததே நான்தான்.

"எனக்கு ஒரு காப்பி குடுங்களேன். பெரியப்பா கேட்டாக் காட்டணும்ல," என்றார்.

"தாராளமா," என்று ஒட்டிய படம், ஒட்டாத படம், தங்கையின் ஒரிஜினல் எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். பென் டிரைவும் என்னுடையதுதான்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பூதக்கண்ணாடி கூப்பிட்டாள். அம்மாவுக்காகத் தங்கை முகத்தைத் தனியாகச் சின்னப் படமாகப் போடச் சொல்லியிருந்தேன். அதற்காக அந்த ஒரிஜினலைத் திறந்து வைத்திருந்தாள்.

"சார், இதக் கொஞ்சம் பாருங்க."

"என்ன, சத்தம் இருக்கா?" படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவதை நாங்கள் அப்படிச் சொல்வோம்.

"அதில்ல சார். இதுல எடம் இருக்கு."

நேற்று நான் விரலால் தொட்டுக் காட்டிய தேதி அங்கேயே இருந்தது. அதற்குக் கீழே நாலு வரி தள்ளி இரண்டு நீளமான எண்கள். அவள் அதைத் தட்டினாள். திரையில் ஒரு வரைபடம் விரிந்தது. ஒரு ஊர், ஒரு தெரு, ஒரு மூன்று மாடிக் கட்டடம். அதன் மேல் பல் செட் செய்கிற ஒரு கூடத்தின் பெயரும் அதன் தொலைபேசி எண்ணும்.

இருபத்திரண்டு வருஷமாக ஸ்டூடியோவில் நான் பயன்படுத்துகிற கேமராவுக்கு ஊர் தெரியாது. அதற்குத் தேதி மட்டும்தான் தெரியும். அதனால் எல்லாக் கேமராவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று எப்போதும் தெரியும், அதைப் படத்துக்குள் எழுதியும் வைக்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஒன்பது மாதமாக முகவரி சொல்லவில்லையே என்று தங்கை மேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக அது என் கடைக் கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. நான் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டேன்.

"கேமரா செட்டிங்ல லொகேஷன அணைச்சிருக்கணும் சார். இல்லன்னா நாம வெளிய குடுக்கும்போதாவது இந்தக் குறிப்பெல்லாம் எடுத்துட்டுக் குடுத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை," என்றாள் பூதக்கண்ணாடி. பிறகு தயங்கி, "அவங்க முதல்ல அனுப்பின மங்கலான படத்துல இது இல்ல சார். நான் திறந்து பாத்தேன். சின்னதாக்கும்போது அதுவே உதிர்ந்துடும்," என்றாள்.

அவளாக அனுப்பிய படம் அவளைக் காப்பாற்றியிருக்கும். நான் கேட்டு வாங்கிய படம்தான் காட்டிக் கொடுத்தது. ஒன்றும் குறையாமல் வேண்டும் என்று கேட்டேனே.

தங்கையின் போனுக்கு ஏழு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. வரைபடத்தில் இருந்த கூடத்தின் எண்ணுக்கு அடித்தேன். வயதான ஒரு பெண் குரல் எடுத்தது.

"யாரு?"

"அவளோட அண்ணன் பேசறேன். கொஞ்சம் அவசரம்."

"காலைலதான் வீட்டுக்காரர்னு ஒருத்தர் வந்து நின்னார். இப்ப அண்ணனா," என்றது குரல். "நான்தான் இங்க முதலாளி. அந்தாள் கூட்டிட்டுப் போறேன்னார். நான் விடல. ஸ்டேஷன்ல வெச்சுப் பேசிக்கலாம்னு சொல்லிட்டேன். இப்ப அங்கதான் கிளம்பறோம். நீங்க எந்தப் பக்கம்?"

இத்தனை காலத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை. "அவ பக்கம்," என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று அந்த வேலைக் கோப்புகளை லேப்டாப்பில் ஏற்றித் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்தேன். நாலு மணி நேரப் பயணம். வழியில் பெரியப்பா போன் செய்தார். "விஷயம் கேள்விப்பட்டேன். நீ அங்க போய் வாயத் திறக்காத. புருஷன் பொண்டாட்டி பிரச்சினை. அவர்கிட்ட நல்லதாப் போச்சு ஒரு குடும்பப் படம் இருக்கு, அதக் காட்டிப் பேசிக்குவார்." எந்தப் படம் என்று கேட்கவில்லை. அது எந்தப் படம் என்று எனக்குத் தெரியும்.

நான் போய்ச் சேர்ந்தபோதுதான் ஸ்டேஷனில் விசாரணையே ஆரம்பித்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. இந்தப் பக்கம் மாப்பிள்ளை, தேய்த்த சட்டையில், அதே அடக்கத்தோடு. சுவரோரம் பெஞ்சில் என் தங்கையும், பல் கூடத்து முதலாளியம்மாவும். தங்கையின் வெள்ளைக் கோட்டில் மெழுகுக் கறை இருந்தது. வேலைக்கு நடுவிலிருந்து எழுந்து வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். குனிந்து கறையை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மேசை மேல் நான் ஒட்டிய படம். என் கடை முத்திரையோடு.

"வாங்க, அண்ணனா," என்றார் அதிகாரி. "உங்க தங்கச்சி ஒம்போது மாசமாத் தனியா இருக்கேங்கறாங்க. இவர் இந்தத் திங்கக்கிழமை எடுத்த குடும்பப் படத்தக் காட்டறார். சின்னச் சண்டைல ரெண்டு நாள் முன்னாடி கோவிச்சுக்கிட்டு வந்துட்டாங்கங்கறார். படத்தப் பாத்தா எவ்வளவு அன்பாத் தோள்மேல கை போட்டு நிக்கறார். நீங்களே சொல்லுங்க."

என் தொழில் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. எதிரே உயிரோடு உட்கார்ந்து பேசுகிற பெண்ணை நம்பவில்லை. நான் ஒட்டிய பெண்ணை நம்பிவிட்டார்கள்.

தங்கை எழுந்து வந்து முதல் தடவையாக அந்தப் படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கைய என் மேல போட வெச்சிருக்க," என்றாள் என்னிடம். குரலில் கோபம்கூட இல்லை. அவள் தன்னையறியாமல் தோளை ஒரு தடவை உதறிக்கொண்டதைப் பார்த்தேன். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

"மேடம், அது பொய்," என்றேன். "நான்தான் ஒட்டினேன்."

"மச்சானுக்குத் தங்கச்சி மேல பாசம்," என்றார் மாப்பிள்ளை புன்னகையோடு. "அதான் இப்படிச் சொல்றார்."

"எது பொய்ங்கறீங்க? ஒட்டின மாதிரி தெரியலையே," அதிகாரி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"தெரியாதும்மா. நல்லாச் செஞ்சிருக்கோம்," என்றேன். நான் செய்த கேவலத்தை நானே தரச்சான்று கொடுத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. லேப்டாப்பைத் திறந்தேன். ஒட்டுவதற்கு முன் அடுக்கடுக்காக வைத்திருந்த வேலைக் கோப்பு அதில் இருந்தது. தங்கை இருந்த அடுக்கை ஒரு தட்டுத் தட்டி அணைத்தேன். படத்திலிருந்து அவள் போய்விட்டாள். மாப்பிள்ளையின் அம்மா, அப்பா, தங்கை எல்லோரும் சிரித்தபடி நின்றார்கள். மாப்பிள்ளையின் கை மட்டும் யாருமில்லாத இடத்தில், காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அதிகாரி திரையையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். மாப்பிள்ளை சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆறு வருஷம் தங்கை மட்டும் பார்த்த முகம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"உங்க தொழிலே போயிடுமேங்க, இப்படி வெளிய சொல்றீங்களே," என்றார் அதிகாரி என்னிடம்.

"போகட்டும்," என்றேன். வீரமாகச் சொன்னதாக நினைவு. ஆனால் முதலாளியம்மா பிறகு சொன்னார், சத்தமே வரவில்லையாம்.

மாப்பிள்ளையை வெளியே உட்காரச் சொன்னார்கள். தங்கை பேசினாள். விரல், தாடை, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாக, தேதியோடு. கதவையும் படியையும் அவள் குற்றம் சொல்லவில்லை. அந்த விபத்துகளின் உண்மைப் பெயரை நான் முதல் தடவையாக உரக்கக் கேட்டேன். அதிகாரி எழுதிக்கொண்டார். முடித்துவிட்டு ஒரு படிவத்தைத் தள்ளினார்.

"பாதுகாப்பு கேட்டு மனு குடுங்க. இத நிரப்புங்க. பேர், வயசு, இப்ப குடியிருக்கற முகவரி. முகவரி கட்டாயம்."

தங்கை பேனாவை எடுத்தவள் நிறுத்தினாள். "இந்த மனு யார் யார்கிட்ட போகும், மேடம்?"

"கோர்ட்டுக்கு ஒண்ணு. எங்ககிட்ட ஒண்ணு. எதிர்த்தரப்புக்கு ஒரு நகல்."

"எதிர்த்தரப்புன்னா?"

அதிகாரி வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பெஞ்சில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். "அவருக்குத்தான். அவர் மேலதானே குடுக்கறீங்க, அவருக்குத் தெரியணும்ல. சட்டம் அப்படி," என்றார். சொன்ன பிறகு அதிகாரிக்கே என்னவோ போலாகிவிட்டது. பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

மாப்பிள்ளையிடமிருந்து தப்பிக்க வேண்டுமானால் அவருக்கே முகவரி எழுதித் தர வேண்டும். என் பென் டிரைவையாவது ஒரு முட்டாள் கொடுத்தான் என்று சொல்லலாம். இந்தப் படிவத்தையோ, படித்தவர்கள் நாலு பேர் உட்கார்ந்து யோசித்துத்தான் அச்சடித்திருப்பார்கள்.

"அவ இனிமே என் வீட்டு மாடில தங்கலாம். எங்க வேணா தங்கலாம். அத நாங்க பாத்துக்கறோம்," என்றார் முதலாளியம்மா. "ஆனா அத இதுல எழுதாத கண்ணு."

தங்கை கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். என் ஸ்டூடியோவின் பெயர். அதற்குக் கீழே கடைவீதி.

"அம்மாடி, அது என் கடை," என்றேன்.

"தெரியும்," என்றாள் எழுதிக்கொண்டே. "தேடறவங்க இனிமே அங்க வரட்டும். நோட்டீஸ் அங்க வரட்டும். பெரியப்பா அங்க வந்து உக்காரட்டும். உங்க மாப்பிள்ளை அங்க வந்து நிக்கட்டும். நீதானே சொன்ன, நான் பொறுப்புன்னு."

"நீ எங்க இருப்ப?"

"அது உனக்கு வேண்டாம்ணா."

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், பெரியப்பாவுக்கு என்ன பதில் சொல்வேன், அந்த மனிதர் கடை வாசலில் வந்து நின்றால் என்ன செய்வேன். ஒன்பது மாதமாக அவள் தனியாக நடுங்கியதை எல்லாம் நான் ஒரு நிமிஷத்தில் நடுங்கி முடித்தேன்.

அவள் பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"கதவு நம்பர் என்னண்ணா?"

தயங்காமல் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசைதான். தயங்கினேன். அவள் அவசரப்படவில்லை, பேனாவைக் கட்டத்தின் மேலேயே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சொன்னேன்.